அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு தாக்குதல்: அதற்கு முந்தைய நான்கு மணி நேரமும் பிந்தைய ஓராண்டும்

எதைப் பற்றிய பதிவு

ஓர் இடைநிலை மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், அப்போதுதான் இறந்துபோன நோயாளியின் மூத்த மகன் பணியில் இருந்த இளம் மருத்துவரை அடித்தார். குறுக்கே வந்த ஸ்டாஃப் நர்ஸை அவர் தள்ளியதில் அந்தச் செவிலியரின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அந்த நிகழ்வையும், அதற்கு முன் கழிந்த ஏறத்தாழ நான்கு மணி நேரத்தையும், அதன்பின் அந்தப் பிரிவில் செய்யப்பட்ட மாற்றங்களையும் இப்பதிவு வரிசையாகச் சொல்கிறது. நிர்வாகம் அமைத்த ஆய்வுக் குழுவில் வேறொரு பிரிவின் மருத்துவராக இடம்பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மூத்த செவிலியர் ஒருவரும், பாதுகாப்புப் பணியின் மேற்பார்வையாளரும், நிர்வாக அலுவலர் ஒருவரும் குழுவில் இருந்தார்கள். சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று தெரியக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடித்ததற்கு அடித்தவரே பொறுப்பு. மருத்துவமனையின் நடைமுறையில் இருந்த ஓட்டைகளை ஆராய்வது, அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்து அடிபட்டவர்கள் தலையில் ஏற்றுவதாகாது. இந்த வேறுபாட்டை ஆய்வு முழுவதும் கவனமாகக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஏனென்றால் அது மறக்கப்பட்ட தருணங்களும் இந்த நிகழ்வில் இருந்தன.

பின்னணி

அந்தப் பிரிவில் பன்னிரண்டு படுக்கைகள் இருந்தன. இரவுப் பணியில் இரண்டு மருத்துவர்கள், நான்கு செவிலியர்கள், இரண்டு உதவியாளர்கள், ஒரு துப்புரவுப் பணியாளர், பதிவு மேசையில் ஓர் எழுத்தர் ஆகியோர் இருப்பார்கள். வாசலில் ஒரு காவலாளி உண்டு. ஆனால் ஆம்புலன்ஸ் வந்தால் வண்டிகளை ஒழுங்குபடுத்த அவர்தான் வெளியே போக வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டிருந்தது. வாசல் எப்போது காவல் இல்லாமல் இருக்கும் என்பதை ஆம்புலன்ஸ்கள் வரும் நேரமே தீர்மானித்தது.

முந்தைய ஆண்டின் பதிவேட்டில் வன்முறை என்ற தலைப்பின்கீழ் ஒரு வரிகூட இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, சுகாதாரப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் தம் பணிக்காலத்தில் எப்போதாவது உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகிறார்கள். உலகெங்கும் நடந்த 253 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான மதிப்பாய்வு, வசவு, மிரட்டல், அடி என ஏதோ ஒரு வகை வன்முறையை ஓராண்டுக்குள் சந்தித்தவர்கள் 61.9 சதவீதம் என்கிறது. அப்படியிருக்க, இரவு பகலாகத் திறந்திருக்கும் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் ஆண்டு முழுவதும் ஒன்றுமே நடக்கவில்லை என்று பதிவேடு சொன்னால், பதிவேட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். பணியாளர்களிடம் தனித்தனியாகப் பேசியபோது, கெட்ட வார்த்தையில் திட்டு வாங்குவது வாரத்துக்கு ஒரு முறையாவது நடப்பதாகவும், சட்டையைப் பிடித்த சம்பவங்கள் இருப்பதாகவும் சொன்னார்கள். ஏன் எழுதிக் கொடுக்கவில்லை என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் கிட்டத்தட்ட ஒன்றே: “எழுதினா மட்டும் என்ன ஆகப்போகுது சார், இது இந்த வேலையில இருக்கிறதுதானே.”

வந்து சேர்ந்ததிலிருந்து நள்ளிரவு வரை

இரவு 9.40 மணிக்கு, அறுபது வயதைத் தாண்டிய ஒருவரை அவருடைய இரு மகன்களும் மருமகனும் அழைத்து வந்தார்கள். சில நாள்களாகக் காய்ச்சல், அன்று மாலையிலிருந்து மூச்சிரைப்பு. நோயாளிகளை அவசரத்தின்படி வரிசைப்படுத்தும் செவிலியர் அவரை உடனடி கவனம் தேவைப்படுபவராகச் சரியாகவே வகைப்படுத்தினார். ரத்தத்தில் கிருமித்தொற்று பரவியிருக்கலாம் என்று மருத்துவர் ஊகித்தார். ஆக்சிஜன் தரப்பட்டது, டிரிப் ஏற்றப்பட்டது, ரத்த மாதிரிகள் எடுக்கப்பட்டன, முதல் தவணை ஆன்டிபயாடிக் 10.20 மணிக்குள் செலுத்தப்பட்டது. இத்தகைய தொற்றில், ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும் அதிர்ச்சி நிலையின் அறிகுறி இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தர வேண்டும் என்பது 2021இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல். அந்தக் கணக்கிலும் தாமதம் இல்லை.

ஆனால் இவற்றில் எதுவும் குடும்பத்தாருக்குச் சொல்லப்படவில்லை. அவர்கள் கண்டது ஒரு டிரிப் பாட்டிலும் ஓர் ஊசியும்தான். “காய்ச்சல்தானே, ரெண்டு பாட்டில் ஏத்தினா சரியாயிடும்” என்று மருமகன் தொலைபேசியில் வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார். உயிருக்கு ஆபத்தான நிலை என்பதை மருத்துவர் அறிந்திருந்த அதே நேரத்தில், குடும்பம் காலையில் வீடு திரும்பும் எண்ணத்தில் இருந்தது.

10.30 மணியளவில் சாலை விபத்தில் சிக்கிய இருவர் கொண்டுவரப்பட்டார்கள். மருத்துவர்கள் இருவரும் அங்கே போனார்கள், போயாக வேண்டும். அதற்கடுத்து ஒன்றே முக்கால் மணி நேரம் எந்த மருத்துவரும் இந்தக் குடும்பத்திடம் பேசவில்லை. செவிலியர் முறைப்படி நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்துக் கேஸ் ஷீட்டில் குறித்துவந்தார்.

இதற்கிடையே, பின்னால் பெரிதாக வளர்ந்த ஒரு சிறு விஷயம் நடந்தது. முதலில் எடுத்த ரத்த மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன. அப்படி ஆனால் பொட்டாசியம் போன்றவற்றின் அளவு பொய்யாகக் கூடித் தெரியும். எனவே வேறு மாதிரி அனுப்புமாறு ஆய்வகம் கேட்டது. எல்லா மருத்துவமனையிலும் அன்றாடம் நடப்பதுதான். செவிலியர் மறுபடி ஊசியோடு வந்தபோது மூத்த மகன், “இப்பத்தானே எடுத்தீங்க, மறுபடியும் எதுக்கு?” என்று கேட்டார். “லேப்ல கேட்டிருக்காங்க சார்” என்பது பதில். சொன்னதில் பொய் இல்லை. கேட்டவருக்கு அது எதையும் விளக்கவும் இல்லை. முதலில் எடுத்த ரத்தத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்று அவர் முடிவு செய்துகொண்டார். அடுத்த அரை மணி நேரத்தில் மூன்று உறவினர்களுக்கு அவர் அதைத் தொலைபேசியில் சொன்னதாகத் தம்பி பின்னர் எங்களிடம் கூறினார். நள்ளிரவில் வந்து சேர்ந்த உறவினர்கள் அந்தக் கதையோடுதான் வந்தார்கள்.

11.15 மணிக்கும் 12.15 மணிக்கும் இடையில் மூத்த மகன் நால்வரிடம் தன் தந்தையின் நிலையைக் கேட்டிருக்கிறார். எழுத்தர், டாக்டரைக் கேளுங்கள் என்றார். உதவியாளர், இப்போது வந்துவிடுவார் என்றார். செவிலியர், ரிப்போர்ட் வந்தால்தான் தெரியும் என்றார். காவலாளி, உள்ளே கூட்டம் போடாதீர்கள் என்றார். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததை, தமக்கு அனுமதி உள்ள அளவில் சொன்னார்கள். கேட்டவருக்கு அவை நான்கும் சேர்ந்து, எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்ற வைத்தன.

சிசிடிவி பதிவை நாங்கள் ஒலியில்லாமல் பார்த்தோம். அவர் முதலில் நாற்காலியில் முன்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழுந்து படுக்கைக்கும் வாசலுக்கும் நடக்கிறார். நடையின் வேகம் கூடுகிறது. யாராவது வெள்ளைக் கோட்டோடு கடந்தால் நின்று, அவர் மறையும் வரை பார்க்கிறார். 12 மணி கடந்த சற்று நேரத்தில் குப்பைத் தொட்டியை உதைக்கிறார், தொட்டி சாய்கிறது. துப்புரவுப் பணியாளரான அம்மா வந்து தொட்டியை நிமிர்த்தி, சிதறியதைக் கூட்டி அள்ளிவிட்டு, உதவியாளரிடம் போய் ஏதோ சொல்கிறார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டோம். “அந்த அண்ணன் சரியில்லப்பா, பார்த்துக்கங்கன்னு சொன்னேன்” என்றார். உதவியாளர் அதைக் காவலாளியிடம் சொல்லியிருக்கிறார். காவலாளி யாரிடம் சொல்வது என்று தெரியாமல், ஒரு கண் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆம்புலன்ஸுக்காக வெளியே போனார்.

இந்த ஒரு நிமிடத்தில்தான் தடுப்பதற்கான வாய்ப்பு இருந்தது என்பது என் கணிப்பு. மூன்று பேருக்கு ஆபத்து தெரிந்தது. அதை ஒரு முடிவாக மாற்றும் அதிகாரமோ அதற்கான வழியோ மூவரிடமும் இல்லை.

மரணச் செய்தியும் தாக்குதலும்

12.20 மணிக்கு இளைய மருத்துவர் திரும்பி வந்தபோது நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அழுத்தத்தைத் தூக்கும் மருந்து தொடங்கப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை காலியாக இல்லை. படுக்கையருகே நின்றிருந்த தம்பியிடம் மருத்துவர், “கொஞ்சம் சீரியஸ்தான், பார்க்கலாம்” என்றார். அண்ணன் அப்போது வெளியே தொலைபேசியில் இருந்தார். தம்பிக்கு அந்த வார்த்தையின் கனம் பிடிபடவில்லை; அண்ணனிடம் அவர் அதைச் சொல்லவும் இல்லை.

1.05 மணிக்கு இதயம் நின்றது. திரை இழுக்கப்பட்டு மார்பழுத்தம் தொடங்கியது. திரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அதன் வழியாக அண்ணன் கண்டது, தன் தந்தையின் நெஞ்சின்மேல் ஒருவர் முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்ததை மட்டும்தான். நாற்பத்தைந்து நிமிட முயற்சிக்குப் பிறகு, 1.50 மணிக்கு இறப்பு உறுதி செய்யப்பட்டது.

மூத்த மருத்துவர் விபத்து நோயாளியோடு அறுவை அரங்குக்குப் போயிருந்தார். இளையவர் தனியாக, கையுறைகூடக் கழற்றாமல், நடைவழியில் நின்றபடியே செய்தியைச் சொன்னார். அதற்குள் ஏழெட்டு உறவினர்கள் வந்துவிட்டிருந்தார்கள். அவருக்குப் பின்னால் பூட்டிய சாமான் அறையின் கதவு, முன்னால் கூட்டம். “எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம், காப்பாத்த முடியல” என்று அவர் முடிப்பதற்குள் அண்ணன் அவரை முகத்தில் அடித்தார், சட்டையைப் பிடித்து இழுத்தார். நோயாளியின் உடலிலிருந்து குழாய்களை எடுத்துக்கொண்டிருந்த ஸ்டாஃப் நர்ஸ் ஓடி வந்து நடுவில் நின்றார். அவரைத் தள்ளியபோது கையை ஊன்றி விழுந்தார். மருமகன் டிரிப் ஸ்டாண்டைத் தூக்கினார். தம்பி அதைப் பிடுங்கிக் கீழே வைத்தார். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் நடந்தது.

அடுத்த சில நிமிடங்கள்

அன்றிரவுப் பொறுப்பில் இருந்த மூத்த செவிலியர் எடுத்த முடிவுகளை விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் அவர் யாரோடும் வாதிடவில்லை. அடிபட்ட இருவரையும் மருந்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். தாக்கப்பட்டவர் கண்முன் நிற்கும்வரை கோபத்துக்கு இலக்கு இருந்துகொண்டே இருக்கும் என்பதால், விளக்கமோ கண்டிப்போ அதற்குப் பிறகுதான். அடுத்து, கூட்டத்தில் நிதானமாக இருந்த ஒருவரைத் தேடினார். டிரிப் ஸ்டாண்டைப் பிடுங்கியவர் தம்பி என்பதைக் கவனித்திருந்த அவர், நேராக அவரிடம் போய், “தம்பி, அப்பா பக்கத்துல நீங்க இருக்கணும். அண்ணனைக் கூட்டிக்கிட்டு வாங்க, நான் கூட நிக்கிறேன்” என்றார். தம்பி அண்ணனின் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார். அண்ணன் தந்தையின் காலருகே உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

அவசர மணி அடிக்கவில்லை. பதிவு மேசையின் அடியில் ஒரு பொத்தான் இருந்தது. பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த எழுத்தருக்கு அது எதற்கென்று யாரும் சொல்லவில்லை. காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்தவர், ஏழாம் படுக்கை நோயாளியின் உறவினர்.

மூத்த செவிலியரின் செயல் நிலைமையை அடக்கியது உண்மை. எனினும், தனியாக ஒரு கூட்டத்துக்குள் நுழைவதை நடைமுறை விதியாக எழுதக் கூடாது என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. அவருடைய அனுபவத்தை எல்லோரிடமும் எதிர்பார்த்தால், அடுத்த முறை அடிபடுபவர் அந்த அனுபவம் இல்லாத ஒருவராக இருப்பார்.

மறுநாளும் அந்த வாரமும்

காயமடைந்தவர்களுக்கு உடனே சிகிச்சை தரப்பட்டது; ஊதியத்தோடு விடுப்பும் தரப்பட்டது. காவல் நிலையத்தில் புகாரை யார் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. செவிலியர் தன் பெயரில் கொடுக்கத் தயங்கினார். நீதிமன்றத்துக்கு அலைய வேண்டிவரும், அந்தக் குடும்பத்துக்குத் தன் வீடு தெரிந்துவிடும் என்று பயந்தார். அந்தப் பயம் நியாயமானது. எனவே மருத்துவமனையே புகார்தாரராக இருப்பது என்று நிர்வாகம் முடிவு செய்தது. ஆய்வில் நான் கண்ட நல்ல முடிவுகளில் இதை முதலிடத்தில் வைப்பேன். இருவரின் வாக்குமூலமும் ஒரே முறை, அவர்கள் தேர்ந்தெடுத்த சக பணியாளர் உடனிருக்கப் பெறப்பட்டது.

அதே நாளில் வருந்தத்தக்க ஒன்றும் நடந்தது. நலம் விசாரிக்க வந்த மேற்பார்வையாளர் ஒருவர், “நீங்க ஏம்மா குறுக்க போனீங்க?” என்று செவிலியரிடம் கேட்டார். கரிசனத்தில் கேட்டதுதான். ஆனால் அடிபட்டதை விட அந்தக் கேள்விதான் தன்னை அதிகம் வருத்தியது என்று அவர் எங்களிடம் சொன்னார். நடந்ததற்குத் தானே காரணம் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தாக்குதலுக்குப் பிந்தைய முதல் உரையாடலில் ‘ஏன்’ என்ற கேள்வி இருக்கக் கூடாது என்பதைப் பின்னர் மேற்பார்வையாளர்களுக்கான குறிப்பில் சேர்த்தோம்.

இறப்பு குறித்த மருத்துவ ஆய்வு, வன்முறை குறித்த ஆய்விலிருந்து பிரிக்கப்பட்டு, வேறு குழுவால் நடத்தப்பட்டது. இரண்டையும் ஒன்றாக நடத்தினால், சிகிச்சையில் குறை கண்டுபிடிக்கப்பட்டால் அடித்தது நியாயமாகிவிடும் என்றும், குறை இல்லையென்றால் குடும்பத்தின் புகார் பொய்யாகிவிடும் என்றும் ஆகிவிடும். மருத்துவக் குழு, சிகிச்சை முறையாக நடந்ததென்றும், இரண்டாவது ரத்தப் பரிசோதனையின் முடிவு வருவதில் ஏற்பட்ட தாமதம் முடிவை மாற்றியிருக்காது என்றும் கருதியது. தாமதம் இருந்தது என்பதையும், “எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை” என்ற குடும்பத்தின் குறை உண்மை என்பதையும் அது பதிவு செய்தது. இந்த முடிவுகளோடு மூத்த மருத்துவர் குடும்பத்தாரைச் சந்தித்துப் பேசினார். அண்ணன் வரவில்லை. புகாரைத் திரும்பப் பெறும்படி குடும்பம் கேட்டது. விளக்கம் பெறும் உரிமை குடும்பத்துக்கு உண்டு, புகார் அதற்கான விலையாகாது என்று கூறி நிர்வாகம் மறுத்தது.

ஆய்வில் தெரிந்தவை

ஒரே இடத்தைப் பார்த்து முறைப்பது, குரலின் ஏற்றம், பதற்றம், முணுமுணுப்பு, அங்குமிங்கும் நடப்பது ஆகிய ஐந்தும் வன்முறைக்கு முன் தென்படும் குறிகள் என்று, அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்த கள ஆய்வு ஒன்றிலிருந்து 2007இல் தொகுக்கப்பட்டது. ஆங்கில முதலெழுத்துகளால் ‘ஸ்டாம்ப்’ என்று அதைச் சொல்வார்கள். சிசிடிவியில் ஒலி இல்லாவிட்டாலும், நேரில் கண்டவர்களின் சொற்களோடு சேர்த்துப் பார்த்தால் ஐந்தில் நான்கு குறிகளாவது இருந்தன. நார்வேயில் உருவான ‘ப்ரோசெட்’ சரிபார்ப்புப் பட்டியலைப் பயன்படுத்தலாமா என்றும் விவாதித்தோம். குழப்பம், எரிச்சல், ஆரவாரம், வாய்வழி மிரட்டல், உடல்வழி மிரட்டல், பொருள்களைத் தாக்குதல் என்ற ஆறில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் தரும் எளிய கருவி அது. ஆனால் அது மனநல வார்டில் உள்ள நோயாளிகளுக்காக, அடுத்த 24 மணி நேரத்தைக் கணிப்பதற்காக அமைக்கப்பட்டது. காத்திருக்கும் உறவினருக்கு அதை அப்படியே பொருத்துவது சரியில்லை என்று விட்டுவிட்டோம். அறிகுறிகளை அடையாளம் காண்பதில் அந்தப் பிரிவுக்குச் சிக்கலே இல்லை. துப்புரவுப் பணியாளரே எந்தப் பட்டியலும் இல்லாமல் கண்டுபிடித்தார். அவருடைய சொல் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருந்திருக்கவில்லை.

இடத்தின் அமைப்பும் பாதகமாக இருந்தது. செய்தி சொன்ன இடத்தில் மருத்துவருக்குப் பின்வழி இல்லை. டிரிப் ஸ்டாண்டுகள் நடைவழியில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. சிசிடிவி எல்லாவற்றையும் பதிவு செய்தது; திரையை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

மார்பழுத்தத்தைத் திரை இடுக்கு வழியாகக் காண்பது பற்றிக் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. குடும்பத்தார் உள்ளே இருந்தால் கலவரம்தான் என்பது பலரின் எண்ணம். 2013இல் பிரான்ஸில், வீடுகளில் நடந்த உயிர்மீட்பு முயற்சிகளை வைத்து, 570 உறவினர்களிடம் நடந்த ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. உடனிருந்து பார்க்க முறையாக அழைக்கப்பட்டவர்களுக்குப் பின்னாளைய மன அதிர்ச்சி அறிகுறிகள் குறைவாக இருந்தன. மருத்துவக் குழுவின் வேலையும் அதனால் கெடவில்லை. நெருக்கடியான ஒரு வார்டுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் அரைகுறையாகக் காண்பது, ஒன்றும் காணாததை விடவும், விளக்கத்தோடு முழுமையாகக் காண்பதை விடவும் கெடுதல் என்று எனக்குத் தோன்றுகிறது. திரையை முழுவதும் மூட வேண்டும், அல்லது ஒருவரை உள்ளே அழைத்து, அருகில் ஒரு செவிலியர் நின்று நடப்பதைச் சொல்ல வேண்டும்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

பணியாளர்கள் முதலில் கேட்டது கூடுதல் காவலாளிகள். அது நியாயமான கோரிக்கை, ஏற்கப்பட்டது. வாசல் காவலாளி ஆம்புலன்ஸ் வேலையிலிருந்து முற்றிலும் விடுவிக்கப்பட்டார். நிர்வாகம் முதலில் முன்வைத்தது, எல்லோருக்கும் பேச்சுத்திறன் பயிற்சி. அதை மட்டும் செய்துவிட்டு நிறுத்துவதை நாங்கள் எதிர்த்தோம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு, பயிற்சி பணியாளர்களின் அறிவையும் மனப்பாங்கையும் மேம்படுத்தலாம் என்றாலும், தாக்குதல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதாக உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று கூறுகிறது. அதோடு, பயிற்சியை மட்டும் கொடுத்தால், அடுத்த தாக்குதலின்போது “பயிற்சி கொடுத்தோமே” என்ற சொல்தான் மிஞ்சும். இடத்தையும் வேலை முறையையும் முதலில் மாற்ற வேண்டும், பயிற்சி அவற்றைப் பயன்படுத்தக் கற்றுத்தர வேண்டும் என்ற வரிசையை வலியுறுத்தினோம்.

ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு செவிலியர் தகவல் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு குடும்பத்திடமும் போய் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும்: இதுவரை என்ன செய்தோம், இப்போது எதற்காகக் காத்திருக்கிறோம், மருத்துவர் ஏறத்தாழ எப்போது வருவார். புதிய தகவல் இல்லையென்றால் இல்லை என்பதையே போய்ச் சொல்ல வேண்டும். நோயாளியின் நிலை ஆபத்தானது என்று மருத்துவர் கருதும் கணமே, ‘சீரியஸ்’ என்ற சொல்லோடு நிறுத்தாமல், “உயிருக்கு ஆபத்து இருக்கிறது” என்று குடும்பத்தில் முடிவெடுக்கும் நபரிடம் நேராகச் சொல்வது கட்டாயமாக்கப்பட்டது.

மரணச் செய்தி சொல்ல ஓர் அறை ஒதுக்கப்பட்டது. இரண்டு வாசல் உள்ள அறை அது. மருத்துவரின் நாற்காலி உள்வாசல் பக்கம். இருவராகவே போக வேண்டும், உட்கார்ந்தே பேச வேண்டும், உறவினர்களில் மூவருக்கு மேல் உள்ளே வேண்டாம். சாமான் அறையைக் காலி செய்துதான் இந்த அறை கிடைத்தது. அதற்கு எதிர்ப்பு இருந்தது. நர்ஸிங் கண்காணிப்பாளர் விடாப்பிடியாக நின்றதால்தான் நடந்தது.

எச்சரிக்கைக்கு ஒரு பொதுச் சொல் வைக்கப்பட்டது. துப்புரவுப் பணியாளர் முதல் மருத்துவர் வரை யார் அந்தச் சொல்லைப் பொறுப்புச் செவிலியரிடம் சொன்னாலும், அவர் சில நிமிடங்களுக்குள் அந்தக் குடும்பத்திடம் போக வேண்டும், காவலாளி பார்வையில் நிற்க வேண்டும். சொன்னவரிடம் காரணம் கேட்கக் கூடாது. தவறான எச்சரிக்கைக்குக் கண்டிப்பு கிடையாது. பதிவுப் படிவம் ஒரே பக்கத்துக்குச் சுருக்கப்பட்டது. வசவும் மிரட்டலும் அதில் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் செவிலியர், பொதுத்துறைப் பணியாளர் கூட்டமைப்புகளோடு சேர்ந்து 2002இலேயே வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் மனரீதியான வன்முறையையும் வன்முறையாகவே கொள்கின்றன. 2019இல் ஏற்கப்பட்ட தொழிலாளர் அமைப்பின் 190ஆவது உடன்படிக்கையும் அப்படியே. படிவங்கள் மாதந்தோறும் அந்தப் பிரிவினரிடமே திருப்பித் தரப்பட்டு, என்ன செய்யலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். அமெரிக்காவில் 7 மருத்துவமனைகளின் 41 பிரிவுகளில் நடந்து 2017இல் வெளியான சோதனையில், தம் சொந்தத் தரவுகளைப் பார்த்துத் திட்டமிட்ட பிரிவுகளில் வன்முறை குறைந்திருந்தது. இந்த யோசனை அங்கிருந்து எடுத்ததே.

அதன்பின் நடந்தவை

முதல் சில மாதங்களில் பதிவான நிகழ்வுகள் வெகுவாகக் கூடின. நிர்வாகக் கூட்டத்தில், மாற்றங்களால் நிலைமை மோசமாகிவிட்டதா என்று ஒருவர் கேட்டார். இதுவரை எழுதப்படாதவை இப்போது எழுதப்படுகின்றன, அவ்வளவுதான் என்று விளக்க வேண்டியிருந்தது. பெரும்பாலானவை வசவுகள். காயம் ஏற்பட்ட நிகழ்வு அந்த ஆண்டில் மீண்டும் நடக்கவில்லை. ஓராண்டை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சில மாதங்களுக்குப் பிறகு, ஏறக்குறைய அதே சூழ்நிலை வந்தது. ஒரு நடுவயதுப் பெண், மூளையில் ரத்தக்கசிவு. வெளியே அவருடைய தம்பி சுவரில் கையால் குத்திக்கொண்டிருந்தார். உதவியாளர் எச்சரிக்கைச் சொல்லைச் சொன்னார். பொறுப்புச் செவிலியர் போய், “சார், உட்காருங்க. உங்களுக்கு யாரும் எதுவும் சொல்லலன்னு நினைக்கிறேன், நான் சொல்றேன்” என்று தொடங்கினார். ஸ்கேன் படத்தை மருத்துவரே கொண்டுவந்து காட்டி, உயிருக்கு ஆபத்து என்பதை அப்போதே சொன்னார். அதிகாலையில் அந்தப் பெண் இறந்தார். செய்தி அறையில் வைத்துச் சொல்லப்பட்டது. தம்பி கத்தினார், மேசையை அறைந்தார். மருத்துவரும் செவிலியரும் எழாமல், குறுக்கிடாமல் இருந்தார்கள். காவலாளி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. துக்கத்தின் சத்தத்துக்கும் தாக்குதலின் தொடக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அன்று பணியில் இருந்தவர்கள் சரியாகப் பிரித்தறிந்தார்கள்.

பலிக்காதவையும் உண்டு. ஒரு செவிலியர் விடுப்பில் இருந்தாலே தகவல் பொறுப்பாளர் பணி காணாமல் போனது. ஆள் குறையும் இரவுகளில், அதாவது அது மிகவும் தேவைப்படும் இரவுகளில், அது நடக்கவில்லை. பதிவேட்டைப் பார்த்தபோது மிரட்டல் நிகழ்வுகள் பெரும்பாலும் அத்தகைய இரவுகளிலேயே இருந்தன. ஆள் பற்றாக்குறையை வன்முறைக்கான காரணங்களில் ஒன்றாக எழுத்தில் ஏற்குமாறு நாங்கள் பரிந்துரைத்தோம். அந்த வரி இறுதி அறிக்கையில் மென்மையாக்கப்பட்டுவிட்டது; அது சரியென்று நான் இன்றும் கருதவில்லை.

இளம் மருத்துவர் சில வாரங்களில் பணிக்குத் திரும்பினார். எலும்பு கூடிய பிறகும் ஸ்டாஃப் நர்ஸ் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர விரும்பவில்லை. அவர் கேட்ட வார்டு அவருக்கு உடனே தரப்பட்டது. சில மாதம் கழித்து அவர் வேலையை விட்டார். காரணம் கேட்கும் படிவத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதியிருந்தார். பத்தாண்டு அனுபவமுள்ள ஒருவரை அந்தப் பிரிவு இழந்தது.

இனி மாற்ற வேண்டியவை

தகவல் பொறுப்பாளரைச் செவிலியர் எண்ணிக்கைக்குள் அடக்காமல், தனிப் பணியிடமாக வைக்க வேண்டும். பயிற்சி பெற்ற, மருத்துவம் சாராத ஒருவரே இதைச் செய்யலாம். மருத்துவத் தகவலுக்கு மட்டும் செவிலியரை அழைத்தால் போதும். பாதிக்கப்பட்டவருக்கான ஆலோசனை, அவர் கேட்டால் தருவது என்று இருந்தது. அந்தச் செவிலியர் கேட்கவே இல்லை. முதல் சந்திப்பை மருத்துவமனையே ஏற்பாடு செய்து, வேண்டாமென்றால் மறுக்கும் உரிமையை அவருக்கு விட வேண்டும். சந்திப்புகள் மூன்று மாதமாவது தொடர வேண்டும்.

எச்சரிக்கைச் சொல்லுக்கான ஒத்திகை நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டுமே நடந்தது. காவலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் என்பதால் அவர்களுக்கு வருகைப் பதிவோ அதற்கான ஊதிய நேரமோ ஒதுக்கப்படவில்லை. அன்றிரவு ஆபத்தை முதலில் கண்டவர் அவர்களில் ஒருவர். ஒத்திகை நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிடும் பிரிவை அடுத்த ஒப்பந்தத்தில் சேர்க்குமாறு குழு எழுதிக் கொடுத்துள்ளது. நிர்வாகம் அதைப் பரிசீலித்து வருகிறது.